ஜரிகை விழுந்த படம்

சேகரா,

கடையில் வேலை முடிந்து, கையில் ஒட்டிய வார்னிஷ் வாசனை போகக் கழுவிக்கொண்டு, சாப்பிட்ட பிறகு இதைப் படி. வெறும் வயிற்றில் படிக்காதே. வசந்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவளுக்குத் தெரியக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் அவளுக்காகத்தான் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். நான் ஐந்தாவதோடு நின்றவள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்திருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். நேரில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். உன் நைனாவின் காரியம் முடிந்து நீங்கள் சேத்துப்பட்டுக்குக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தேனே, அது அதற்காகத்தான். பஸ் வந்தது, நீ ஏறினாய், நான் வாழைப்பழச் சீப்பை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

அவர் போன பிறகு எனக்குப் பகலில் கொஞ்சம் கண் அசந்தால் போதும், பின்கட்டுக் கொட்டகையில் ஆவி கிளம்பிவிடுகிறது. செம்புக் கொப்பரை காய்கிறது. மூங்கில் கழியில் பட்டு நூல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் எல்லாம் ஆவிக்குள்ளே கரைந்து கரைந்து தெரிகின்றன. நடுவில் உன் நைனா முழங்கை வரை நீலமாக நிற்கிறார். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கழியில் இருக்கும் நூலைத்தான் திருப்பித் திருப்பி முக்குகிறார். ஒருநாள் அந்த ஆவிக்குள் நீயும் நின்றாய். உனக்கு எட்டு வயது. சட்டை இல்லை. உன் வயிற்றில் வரிசையாக வெள்ளை மாங்காய்கள் மின்னின. பயமாக இல்லை. ரொம்ப அழகாக இருந்தது. விழித்துப் பார்த்தால் கொட்டகை பூட்டித்தான் கிடக்கிறது, பூட்டின் மேல் ஓணான் உட்கார்ந்து தலையாட்டுகிறது. அந்த மாங்காய்கள் எங்கிருந்து வந்தன என்று உனக்கும் தெரியும். ஆனால் நீ அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறாய். முழுதாகச் சொல்கிறேன்.

காரியத்தன்று நீ அந்தக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து, துண்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக மடங்கி நின்றதை நான் பார்த்தேன். அழுகிறாய் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பெற்றவள் அல்லவா, அந்த மடங்கல் எனக்குத் தெரியும். எட்டு வயதில் நீ அப்படித்தான் மடங்குவாய். மத்தியானம் பாத்திரம் கழுவும்போது வசந்தாவைக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் சாம்பல் கையோடு அழுதுவிட்டாள்.

"திரும்பவும் கல்லு வந்துகினு இருக்குது அத்தே. கிட்னிலயே அடைச்சிகினு கீதாம். வேலூர்ல ஆப்பரேசன் பண்ணணும், அதுக்கு முன்னாடி படம் எடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. இவரு சீட்ட மடிச்சி ஜேபில வெச்சிகினே சுத்தறாரு."

"ஏன், இன்னாவாம்?"

"சின்ன வயசுலயே ஒடம்பு பூரா எக்ஸ்ரே கதிரு ஏறிப்போச்சாம். இனிமே எடம் இல்லியாம். இன்னும் ஏறினா நமக்குக் கொழந்தையே தங்காதுன்றாரு. இது வரிக்கும் தங்காததும் அதனாலதானாம். நான் இன்னா அத்தே சொல்றது? படிக்காதவளாட்டம் முழிச்சிகினு நிக்கறேன்."

'உடம்பில் இனிமேல் இடம் இல்லை' என்று நீ சொல்லியிருக்கிறாயே, அது உன் பேச்சு இல்லை சேகரா. அது உன் நைனாவின் பேச்சு. வார்த்தை மாறாமல் அப்படியே இருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவருடைய பயம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது போலவும், உட்கார ஆள் தேடி உன் தோளில் ஏறிக்கொண்டது போலவும் எனக்குத் தோன்றியது.

அவர் பயந்தது முட்டாள்தனத்தினால் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயம் போடுகிறவருக்கு வெளிச்சம்தான் முதல் எதிரி. கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒருநாள் அரக்கு நூலைக் கொண்டுபோய் நல்ல வெயிலில் உலர்த்திவிட்டேன், சீக்கிரம் காயட்டுமே என்று. அவர் திட்டவில்லை. ஒரே கொப்பரையில் முக்கிய இரண்டு கொத்தை எடுத்தார். ஒன்றை நிழலில் போட்டார், ஒன்றை வெயிலில் போட்டார். சாயங்காலம் இரண்டையும் என் இரண்டு கையில் வைத்தார். வெயிலில் கிடந்தது செங்கல் தூள் மாதிரி சோர்ந்து கிடந்தது. "பாத்தியா, வெயிலு வந்ததும் தெரியல, போனதும் தெரியல. இன்னா எடுத்துகினு போச்சின்னு இப்பதான தெரியுது?" என்றார். அப்படிப் பழகிய மனுஷரிடம் போய், உன் பிள்ளையின் வயிற்றுக்குள்ளே ஒரு வெளிச்சம் விடுவோம், அது இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும், ஒன்றும் ஆகாது என்றால் எப்படி நம்புவார்? "தோலு, சதை எல்லாத்தையும் தாண்டிப் போவுற வெளிச்சம் சும்மாவா போவும்? இன்னாத்தையாவது எடுத்துகினுதான் போவும்" என்று பஸ்ஸில் என் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார். நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும் அறைக் கதவின் மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. படம் எடுக்கிறவர் வயதானவர், வெற்றிலை போட்டுப் போட்டு உதடு அரக்காகவே நின்றுவிட்டது. உன் சட்டையைக் கழற்றச் சொன்னார். அப்புறம் உன் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணைக் காட்டி அதையும் கழற்றச் சொன்னார். உன் நைனா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆண்பிள்ளையின் இடுப்பில் அது இல்லாமல் போவது கடைசி நாளில் மட்டும்தான் என்பது நம் வழக்கம். அதை வாயால் சொல்லவும் பயம்.

"அர்ணாக்கொடிய மட்டும் அவுக்காதீங்க சார்."

"அவுக்காம எடுத்தா படத்துல வெள்ளையா கோடு விழும்யா. வெள்ளில கதிரு பூராது. அப்பால டாக்டரு என்னைத்தான் திட்டுவாரு. ஜல்தி அவுரு, பின்னால ஜனம் நிக்குதில்ல."

நான் என் புடவைக் கரையிலிருந்து ஒரு நூலை இழுத்து, அதை உன் இடுப்பில் கட்டி, அப்புறம் வெள்ளியைக் கழற்றினேன். ஒரு மூச்சு நேரம்கூட நீ வெறும் இடுப்போடு நிற்கவில்லை. நீ உள்ளே போனாய். கதவுக்கு அந்தப் பக்கம் "மூச்சப் புடி தம்பி... ஆடாத..." என்று குரல் வந்தது. இந்தப் பக்கம் உன் நைனா தம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "விடு" என்று உள்ளே சொன்ன பிறகும் அவர் விடவில்லை. நான் முதுகில் தட்டினேன். நீ வெளியே வந்து, "அம்மா, உள்ள ஒரு பெரிய மாடு கீது. இருட்டுல நின்னுகினு என்னையே பாக்குது. முட்டல" என்றாய். படம் எடுக்கும் மிஷினைத்தான் மாடு என்கிறாய் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நீ ஆடிவிட்டாய் என்று இன்னொரு தடவை எடுத்தார்கள். பிறகு கை நரம்பில் மருந்து ஏற்றி வரிசையாக எடுத்தார்கள். அது சாயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் ஊசிக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நெறமே இல்லாத சாயத்த நான் பாத்ததில்ல" என்று முணுமுணுத்தார்.

ஆபரேஷன் அப்போது நடக்கவில்லை. உனக்கு ஜுரம் வந்துவிட்டது. தேறட்டும், அப்புறம் அழைத்து வாருங்கள், கல் இடம் மாறியிருக்கும், கத்தி வைக்கும் முன்னால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். 'இன்னொரு தடவை' என்ற சொல்லைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோறு பிசைந்துகொண்டே இருப்பார், கை நின்றுவிடும். கொப்பரையில் நூலை முக்கிவிட்டு எடுக்க மறந்துவிடுவார். அந்த வாரம் பச்சை கேட்டவர்களுக்கெல்லாம் கறுப்பாகப் போனது, பேச்சு வாங்கினார். ஒருநாள் திடீரென்று ஈரக் கையோடு அடுப்படிக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"இந்தாம்மே, அந்தாளு இன்னா சொன்னாரு? வெள்ளில கதிரு பூராதுன்னாருல்ல?"

"ஆமா."

"ஜரிகை இன்னாது?"

நான் பதில் சொல்வதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார். முள்ளிப்பட்டில் அவரிடம் சாயம் வாங்கும் நெசவுக்காரர் ஒருவர், எலி கடித்து வீணான புடவையின் முந்தானைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். நல்ல கெட்டி ஜரிகை, அசல் வெள்ளி இழை, வரிசையாக மாங்காய். உன் நைனா அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஊசி முனை அளவு வெளிச்சம் வந்தது. இரண்டாக மடித்துப் பார்த்தார். வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். உன் வயிற்றில் உறுத்தாமல் இருக்க உள்பக்கம் பழைய மல் துணி வைத்து, பின்னால் முடிச்சுப் போடும்படி நான்தான் தைத்தேன். தைக்கும்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது, என்ன செய்வது.

இந்தத் தடவை கதவருகே அதே வெற்றிலைக்காரர். உன் சட்டையைத் தூக்கியதும் துணியைப் பார்த்தார். உன் நைனா சொல்லிக் கொடுத்திருந்தபடி நீ கணீரென்று, "வேண்டுதல் துணி சார். அவுத்தா சாமி கோச்சிக்கும்" என்றாய். போன தடவை அரைஞாணைக் கழற்ற வைத்த பாவம் அந்த மனுஷர் மனதில் இருந்திருக்க வேண்டும். "சரி, துணிதான, இருந்துட்டுப் போவுது" என்று உள்ளே கூட்டிப் போனார். உன் நைனா என்னைப் பார்த்தார். ஊருக்கே தெரியாமல் உன்னை ஒரு குடைக்கீழ் வைத்துவிட்டவர் மாதிரி ஒரு பார்வை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. அப்புறம் சத்தம். ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார் அவர். கறுப்புப் படத்தில் உன் விலா எலும்பு லேசான புகை மாதிரி. அதன் கீழே, குறுக்கே, பளீரென்று வெள்ளை மாங்காய்கள் வரிசையாக நின்றன. அதற்கு மேலும் கீழும் கரைக்கோடு. கல் இருந்த இடம் அதற்குள்ளே எங்கேயோ.

"யோவ், எந்த ஊருய்யா நீங்க?"

"ஆரணிங்க."

"அதான! புள்ள வயித்துக்கும் பார்டரு கட்டி அனுப்பிச்சிகிறீங்க. இன்னாய்யா இது, உள்ள கல்யாணப் பொடவையே கெடக்குது?"

"கதிரு படக்கூடாதுன்னு சார்..."

"படாம எப்படிய்யா படம் வரும்? நான் இதுல கல்லத் தேடறதா, மாங்காய எண்றதா? அவுரு அத்த. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, எல்லாம் மறுபடி எடுக்கணும். பேஜார் புடிச்சவங்கப்பா."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுபடி சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி "மூச்சப் புடி". உன் நைனா அங்கே இல்லை. வெளியே புங்க மரத்தடியில் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகத்தில் நீலம். "தடுக்கப் போயி ரெண்டு மடங்கா குடுத்துட்டேன்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லைச் சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். நீ அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் காட்டி, ஆளுக்கொரு நாவல் பழம் வாங்கினாய். எல்லோருக்கும் அது முடிந்துபோனது, அவருக்கு மட்டும் முடியவில்லை. உனக்கு ஜலதோஷம் பிடித்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். தலைசீவும்போது சீப்பில் ஒட்டிய முடியை எண்ணுகிறவர் மாதிரி பார்ப்பார். மீசை முளைத்ததும் ரகசியமாகத் தேங்காய் உடைத்தார். உன் கல்யாணத்தில் சமையல் கட்டில் வசந்தாவின் அப்பாவை ஓரமாக அழைத்துப்போய், "சம்பந்தி, ஒண்ண மறைக்கக் கூடாது, பையனுக்குச் சின்ன வயசுல நெறைய படம் எடுத்துட்டாங்க" என்றாராம். அவர் சாம்பார் ருசி பார்த்துக்கொண்டே, "அதுக்கின்னா சம்பந்தி, மாட்டி வெக்கலாமே, நல்லா ஃப்ரேம் போட்டு" என்றாராம். போட்டோ என்று நினைத்திருக்கிறார். இவர் விளக்கிச் சொன்னதற்கும், "எனக்குங்கூட கால் ஒடைஞ்சப்ப எடுத்தாங்க, உப்பு கொஞ்சம் கம்மி பாருங்க" என்றாராம். அந்தப் பேச்சைக் கேட்டும் இவர் மனது ஆறவில்லை.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டம். அவருக்கு வயிற்று வலி வந்தபோது அல்சர் என்று உனக்குச் சொன்னோம். நாங்கள் இரண்டு பேரும் வேலூருக்குப் போனோம். வெள்ளை மாவு போல ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அதே மாதிரி கதவு, அதே மாதிரி சிவப்பு விளக்கு. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் குழந்தை. உள்ளே போனது. "மூச்சப் புடி பாப்பா" என்று குரல் வந்தது. உன் நைனா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வா, போலாம். எனக்கு வாணாம். என் பங்கையும் சேத்துப் பையனே வாங்கிகினான்" என்றார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னது எனக்கு என்னவோ நியாயமாகவே பட்டது. கூடவே எழுந்து வந்துவிட்டேன். வழியில் ஆற்காட்டில் மக்கன்பேடா வாங்கிக் கொடுத்தார், நான் சாப்பிட்டேன். படம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. கடைசியில் பார்த்த டாக்டரும் தெரியாது என்றுதான் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று முன்னாடியே தெரிந்திருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்குச் சோற்றில் கல் மாதிரி நெருடிக்கொண்டே இருக்கிறது.

அதனால் நீங்கள் ஊருக்குப் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன். துக்க வீட்டிலிருந்து ஒருத்தி இவ்வளவு சீக்கிரம் வெளியே கிளம்பலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் பழைய படங்களை உன் நைனா பாய்க்கு அடியில் நேராக, மடங்காமல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, உனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரையே தேடிக்கொண்டு போனேன். அவர் பெயரை வசந்தா சொல்லியிருந்தாள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். சின்ன வயது டாக்டர்தான், கண்ணாடி போட்டிருக்கிறார். நான் பையை மேஜை மேல் வைத்து, பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைக் கேட்டேன். ஒரு உடம்பு எத்தனை படம் தாங்கும் ஐயா?

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அப்படி ஒரு கணக்கு சொல்ல முடியாதும்மா. நீங்க பயப்படறது தப்பே இல்ல. சும்மா சும்மா எடுக்கக் கூடாதுதான். தேவை இல்லன்னா ஒண்ணுகூட வேணாம். தேவைன்னா எடுத்துத்தான் ஆகணும். கல்லு அடைச்சிகிட்டே இருந்தா அந்தக் கிட்னி கெட்டுப்போகும். அதுல சந்தேகமே இல்ல" என்றார். குழந்தையைப் பற்றியும் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். சின்ன வயதில் எடுத்த அந்தச் சில படங்களால் பிள்ளை இல்லாமல் போகாது என்றார். அதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து வரட்டும் என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். சீட்டில் எழுதியிருக்கும் ஸ்கேனையும் கதிர் என்று நினைத்து நீ பயந்துகொண்டிருக்கிறாய். அதில் கதிரே கிடையாதாம். வயிற்றில் ஏதோ பசை தடவி, சத்தத்தை வைத்தே பார்ப்பார்களாம், காதுக்குக் கேட்காத சத்தம். அதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் கத்தி வைக்கிறதற்கு எது வேண்டுமோ அந்தப் படம் மட்டும் எடுப்போம், எதற்கு எடுக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் உங்கள் மகன் தாராளமாகக் கேட்கலாம் என்றார்.

பேசிக்கொண்டே பழைய படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாங்காய்ப் படம் வந்தது. கை நின்றுவிட்டது. "இது என்னம்மா?" என்றார். நான் சொன்னேன். வெள்ளி, ஜரிகை, முந்தானை, வேண்டுதல் துணி, எல்லாம் சொன்னேன். பக்கத்து அறை டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "என்ன அழகு!" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்போது அந்தச் சின்ன டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? என்னைப் படம் எடுக்கும் அறைக்கு அழைத்துப் போனார். சுவரில் கோட்டு மாதிரி ஒன்று தொங்கியது. தூக்கிப் பாருங்கள் என்றார். என்னால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. உள்ளே ஈயமாம். பக்கத்தில் ஈயத் துண்டுகள் சின்னதும் பெரியதுமாக இருந்தன. படம் எடுக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பிள்ளை பெறுவதற்கான இடத்தின் மேல் அதை வைத்து மறைத்துக்கொண்டுதான் எடுப்போம் என்றார். "உங்க வீட்டுக்காரர் யோசனை தப்பில்லம்மா. நாங்க செய்யறதும் அதேதான். அவர் வெச்ச இடம்தான் தப்பு" என்றார்.

நான் அங்கே அழவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஆரணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகு அழுதேன். பக்கத்தில் இருந்த பொம்பளை முறுக்கு கொடுத்தாள். பஸ் கிளம்பியதும் அந்தப் படத்தை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வெளியே வயலும், பனை மரமும், ஏரித் தண்ணீரும் உன் எட்டு வயது எலும்புக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தன. மாங்காய்கள் மட்டும் நகரவில்லை. கதிர் பட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடக்க, அவை மட்டும் வெளுப்பாக நின்றன. அன்று அந்த மடிப்புக்குள் ஒரு பொட்டுக் கதிர்கூட நுழையவில்லை. மனுஷர் சரியாகத்தான் மடித்திருக்கிறார். இதை அவரிடம் சொல்ல வேண்டுமே, இந்த ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்று தவித்தேன். சொல்ல நீதான் இருக்கிறாய்.

வருகிற வாரம் நான் சேத்துப்பட்டுக்கு வருகிறேன். பழைய படங்களை எடுத்து வருகிறேன், திரும்ப எடுக்கிற வேலை குறையுமாம். மூன்று பேருமாக வேலூருக்குப் போவோம். நீ பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன், பயந்துகொண்டே வா. எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேள். ஈயத்தை வைக்க மறந்தால் வைக்கச் சொல். உன் நைனா கேட்கத் தெரியாமல் ஜரிகை கட்டினார். உனக்கு வாய் இருக்கிறது.

அவரை எடுக்கும் முன்னால் இடுப்புக் கயிற்றை அறுத்தார்கள், சேகரா. பொம்பளைகள் பார்க்கக் கூடாது என்று ஒதுக்கினார்கள். நான் கதவிடுக்கில் பார்த்துவிட்டேன். அன்று முதல் உன் இடுப்பிலிருந்து யாராவது அரைஞாணைக் கழற்றுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கழற்றினால் திரும்பக் கட்டலாம் அல்லவா. கதவுக்கு முன்னால் வந்ததும் நீயே அவிழ்த்து என் கையில் கொடு. அதற்கு முன்னால் என் புடவையில் நூல் இழுத்துக் கட்டிவிடுகிறேன், இந்த வெள்ளைப் புடவையிலும் நூல் இருக்கிறது. உள்ளே அந்த மாடு இருட்டில் நிற்கும், முட்டாது. மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடி. விடச் சொன்னால் விட்டுவிடு. இந்தப் பக்கம் நானும் உன்னோடு விடுகிறேன். நீ வெளியே வரும்போது வெள்ளி என் கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். நானே கட்டிவிடுவேன்.

அம்மா